எட் வின்: தொப்பியைக் கழற்றிய கோமாளி

'மேரி பொப்பின்ஸ்' திரைப்படத்தைப் பார்த்தவர்கள் அல்பர்ட் மாமாவை மறந்திருக்க மாட்டார்கள். சிரிப்பு வந்துவிட்டால் அவரது உடல் காற்றடைத்த பலூன்போல எழும்பி அறையின் கூரையில் போய் முட்டும். அவரைப் பார்க்க வந்தவர்களும் சிரிப்பை அடக்க முடியாமல் ஒவ்வொருவராக மேலே போவார்கள். கீழே இறங்க ஒரே வழி, கவலையான விடயம் ஒன்றை நினைப்பதுதான். 1964இல் படம் வெளிவந்தபோது அந்த வேடத்தில் நடித்தவருக்கு வயது 77. அவர் பெயர் எட் வின்.

அந்தப் படத்தைப் பார்க்கும் சிறுவர்களுக்கு அவர் வேடிக்கையான ஒரு கிழவர், அவ்வளவுதான். நான் உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் பாடத்தைக் கற்பவள். ஆகவே அவர் எங்கிருந்து வந்தார் என்று தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க என்னைப் பிடித்து நிறுத்தியது அல்பர்ட் மாமா அல்ல. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1956 ஒக்டோபர் 11ஆம் திகதி இரவு, அமெரிக்கா முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க அவர் கடந்துவந்த ஒன்றரை மணி நேரம்தான். அந்த இரவை விளங்கிக்கொள்ள ஒரு தொப்பிக் கடையிலிருந்து தொடங்க வேண்டும்.

1886 நவம்பர் 9ஆம் திகதி பிலடெல்பியா நகரில் ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஐசாயா எட்வின் லியோபோல்ட். தந்தை பொஹிமியாவைச் சேர்ந்தவர். பெண்கள் அணியும் தொப்பிகளைச் செய்து விற்பது அவரது தொழில். மகனும் அந்தக் கடையிலேயே அமர வேண்டும் என்பது தந்தையின் தீர்மானம். மகனோ விற்க வேண்டிய தொப்பிகளைத் தானே தலையில் போட்டு முகத்தை அஷ்டகோணலாக்கி, வந்தவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். வியாபாரக் குடும்பங்கள் நிறைந்த நமது ஊர்களில் இந்தக் கதை புதிதல்ல. வாப்பா கட்டிக் காத்த கடையை விட்டுவிட்டுப் பாடப் போகிறேன், நடிக்கப் போகிறேன் என்று ஒரு மகன் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. பதினைந்து பதினாறு வயதிலேயே அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டார். மேடைக் கோமாளி ஒருவன் தங்கள் பெயரைச் சுமந்து திரிவது குடும்பத்துக்கு இழிவாகிவிடுமே என்பதற்காக, தன் பெயரின் நடுவிலிருந்த எட்வின் என்ற சொல்லை இரண்டாக உடைத்து எட் வின் ஆனார்.

அக்காலத்து அமெரிக்காவில் வோடவில் என்றொரு அரங்கு முறை இருந்தது. ஒரே மாலையில் ஒரே மேடையில் பாடகர், கழைக்கூத்தாடி, பந்து வீசி ஏந்துபவர், விலங்குகளைப் பழக்கியவர் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து போவார்கள். ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களில் தனி ஆளாக நின்று, பேசிச் சிரிக்க வைப்பதுதான் எட் வின்னின் வேலை. இன்று ஸ்டாண்ட் அப் கொமெடி என்று சொல்கிறோமே, அதன் மூத்த வடிவம் இது. கதை கிடையாது, பாத்திரம் கிடையாது, ஒளிந்துகொள்ளத் திரையும் கிடையாது. சபை சிரித்தால் அடுத்த வாரமும் வேலை உண்டு. சிரிக்காவிட்டால் அடுத்த ரயிலில் ஊர் போய்ச் சேர வேண்டியதுதான். தந்தையின் தொழிலை உதறிவிட்டு வந்தவர் தந்தையின் சரக்கையே கருவியாக்கிக்கொண்டார். பொருந்தாத சின்னஞ்சிறு தொப்பிகள், அளவில்லாத கோட்டுகள், பெரிய சப்பாத்துகள், உருண்டைக் கண்ணாடி. இவை அவருடைய அடையாளமாயின.

1913இல் நியூயோர்க்கின் பலஸ் அரங்கு திறக்கப்பட்டது. பின்னாளில் வோடவில் கலைஞர்களின் கனவாக விளங்கிய அரங்கு அது. அதன் முதல் நிகழ்ச்சியிலேயே எட் வின் இடம்பெற்றார். அவர் நடித்தது ஓர் அரசவை விதூஷகனாக. சிரிக்கவே தெரியாத அரசனை எப்படியாவது சிரிக்க வைக்க வேண்டிய கட்டாயத்தில் இருப்பவன் அந்த விதூஷகன். அடுத்த ஆண்டே சீக்பெல்ட் என்ற பெரும் தயாரிப்பாளரின் ஆடம்பர மேடை நிகழ்ச்சிகளில் சேர்ந்துகொண்டார். அங்கே நடந்த ஒரு சம்பவம் நகைச்சுவையாளர்களின் வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது. டபிள்யூ. சி. பீல்ட்ஸ் என்ற நகைச்சுவை நடிகர் பில்லியட் மேசையை வைத்துக்கொண்டு தன் புகழ்பெற்ற காட்சியை நடித்துக்கொண்டிருந்தபோது, எட் வின் மேசைக்கு அடியில் புகுந்து சபையைப் பார்த்து முகக்கோணல் காட்டினாராம். எதிர்பாராத இடத்தில் சிரிப்பு எழுவதைக் கவனித்த பீல்ட்ஸ் கையிலிருந்த கோலாலேயே அவர் தலையில் ஓங்கி அடித்துவிட்டார். எங்கே சிரிப்பு கிடைக்கும் என்றாலும் அதைப் போய் எடுத்துக்கொள்ளும் அந்தப் பசியைக் கவனித்து வையுங்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவரை வதைத்தது அதுதான்.

1914இல் ஹில்டா கீனன் என்ற நடிகையை மணந்தார். ஹில்டாவின் தந்தை பிராங்க் கீனன் பாரதூரமான நாடகங்களில் பெயர் பெற்றவர். 1916இல் பிறந்த மகனுக்குத் தாய்வழிப் பெயரையே சூட்டிக் கீனன் வின் என்று அழைத்தார்கள். தாத்தா அழவைக்கும் நடிகர், தந்தை சிரிக்கவைக்கும் கோமாளி. மகன் எந்தப் பக்கம் போவான் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

1919இல் நியூயோர்க் நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒத்திகைக் காலத்துக்குச் சம்பளமில்லை, வெளியூரில் நாடகம் நின்றுபோனால் ஊர் திரும்பும் செலவுக்கும் உத்தரவாதமில்லை என்ற நிலைமைக்கு எதிரான போராட்டம் அது. எட் வின் அப்போது நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர். அவருக்கு அந்தப் போராட்டம் அவசியமே இல்லை. ஆனாலும் சாதாரண நடிகர்களின் பக்கம் நின்றார். நின்றதற்குத் தண்டனையும் கிடைத்தது. வேலைநிறுத்தம் முடிந்த பின்னும் பெரிய தயாரிப்பாளர்கள் அவருக்குக் கதவைத் திறக்கவில்லை. அவர் கைகட்டி நிற்கவில்லை. தானே எழுதி, தானே இயக்கி, தானே தயாரித்து 1920இல் ஒரு நிகழ்ச்சியையும் 1921இல் 'த பெர்பெக்ட் பூல்' என்ற இன்னொன்றையும் மேடையேற்றினார். குறையே இல்லாத முட்டாள் என்பது அதன் பொருள். அதுவே அவரது பட்டப் பெயராகவும் நிலைத்துவிட்டது.

அந்த முட்டாள் செய்த கண்டுபிடிப்புகளைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தட்டச்சு இயந்திரத்தில் தாளைப் பொருத்தும் உருளை இருக்கிறதல்லவா, அதில் அவித்த சோளப்பொத்தியைப் பொருத்தி, ஒரு வரிசை கடித்து முடிந்ததும் மணியடிக்க மறுபடி ஆரம்பத்துக்குத் தள்ளிக் கடித்துக்கொண்டே போகும் கருவி ஒன்று. சாறு கண்ணில் தெறிக்கும் பழங்களைச் சாப்பிடும்போது அணிந்துகொள்ள, கார்க் கண்ணாடியில் இருப்பதுபோல வைப்பர் பூட்டிய மூக்குக்கண்ணாடி ஒன்று. துவிச்சக்கர வண்டியும் பியானோவும் ஒன்றாகச் சேர்ந்த வாகனம் ஒன்று. அவர் அதை மிதித்துக்கொண்டே வாசிப்பார், பாடகி அதன் மேல் அமர்ந்து பாடுவார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இத்தனை ஆண்டுகள் மேடையில் நின்றவர் கொச்சையான பகிடி ஒன்றைக்கூடத் தொட்டதில்லை என்று பெயரெடுத்தவர். யாரையும் நோகடிக்காமல், முகம் சுளிக்க வைக்காமல் ஒரு சபையை இரண்டு மணி நேரம் சிரிக்க வைப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பாடசாலை விழாவில் ஐந்து நிமிட ஹாஸ்யம் எழுதிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

1922 பெப்ரவரியில் 'த பெர்பெக்ட் பூல்' நிகழ்ச்சியை வானொலியில் ஒலிபரப்ப ஏற்பாடாயிற்று. வானொலியே அப்போது கைக்குழந்தை. நியூயோர்க்குக்கு அருகே நிவார்க் என்ற ஊரிலிருந்த நிலையத்தில், ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று எட் வின் தன் முதல் பகிடியைச் சொன்னார். ஒரு சத்தமும் இல்லை. இரண்டாவதைச் சொன்னார். அப்போதும் இல்லை. எத்தனை பேர் கேட்கிறார்கள், சிரிக்கிறார்களா, தூங்குகிறார்களா என்று அறிய வழியே இல்லை. அவர் பயந்துவிட்டார். உடனே கட்டடத்தில் இருந்தவர்களை எல்லாம் திரட்டினார்கள். துப்புரவு செய்பவர்கள், தொலைபேசி இணைப்பாளர்கள், தொழில்நுட்பவியலாளர்கள் என்று கையில் அகப்பட்டவர்கள் எல்லோரும் வந்து அந்த அறையில் கூடினார்கள். அவர்கள் சிரித்தார்கள். அதன் பின்னர்தான் அவருக்குப் பேச்சு வந்தது.

பத்து ஆண்டுகள் கழித்து, 1932இல், டெக்ஸாக்கோ எண்ணெய்க் கொம்பனியின் அனுசரணையில் ஒவ்வொரு செவ்வாய் இரவும் அவரது வானொலி நிகழ்ச்சி ஆரம்பமானது. தீயணைப்புப் படைத் தலைவர் என்பது அதில் அவருக்குப் பெயர். நாடு பெரும் பொருளாதார வீழ்ச்சியில் கிடந்த காலம் அது. வேலையிழந்த குடும்பங்கள் வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து அவரைக் கேட்டன. அவரோ மௌனத்தைத் தாங்க முடியாதவராகவே இருந்தார். நிலையத்துக்குள் சபையோரை அமரச் செய்தார். வானொலியில் யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும், முகத்தில் ஒப்பனையோடும் தலையில் தொப்பியோடும் வேடம் பூண்டு வந்துதான் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றார். வானொலி நிகழ்ச்சிகளின் பின்னணியில் சபையின் சிரிப்பொலி கேட்கும் வழக்கம் வேரூன்றியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

அதற்குப் பின் வந்த ஆண்டுகள் அவருக்கு நல்லவையாக அமையவில்லை. 1933இல் சொந்தமாக ஒரு வானொலி வலையமைப்பையே தொடங்கினார். அது சில வாரங்களிலேயே மூடப்பட்டது. பெருந்தொகை நட்டம் ஒருபுறம், உடைந்துபோன மனம் மறுபுறம். 1937இல் ஹில்டாவுடனான மணவாழ்வும் முறிந்தது. மேடைக்குத் திரும்பி மீண்டும் வென்றார். 1949இல் தொலைக்காட்சி வந்தபோது அதிலும் முன்வரிசையில் நின்றார். அவருடைய நிகழ்ச்சி எமி விருது பெற்றது. 1951இல் டிஸ்னி நிறுவனத்தின் 'அலிஸ் இன் வொண்டர்லாண்ட்' கேலிச்சித்திரப் படத்தில் பைத்தியக்காரத் தொப்பிக்காரனுக்குக் குரல் கொடுத்தவரும் அவர்தான். தொப்பிக் கடையை விட்டு ஓடிய மகன் கடைசியில் தொப்பிக்காரனாகவே ஆனதை அந்தத் தந்தை பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ!

ஆனால் தொலைக்காட்சி விரைவாகவே வேறு திசையில் போனது. வீட்டுக் கூடத்தில் நடக்கும் குடும்பக் கதைகள், இயல்பாகப் பேசும் மனிதர்கள் என்று சனங்களின் சுவை மாறிற்று. கீச்சுக் குரலும் கிணுகிணுச் சிரிப்புமாக ஆடும் வோடவில் கோமாளி பழைய காலத்து ஆளாகிவிட்டார். எழுபதை நெருங்கும் வயதில் அவரைத் தேடி வேலை வரவில்லை.

மகன் கீனன் வின் இதற்குள் ஹொலிவூட்டில் தேர்ந்த குணசித்திர நடிகராகியிருந்தார். நாயகன் வேடம் இல்லை; படத்துக்குப் படம் ஆளே அடையாளம் தெரியாமல் மாறுகிற வகை நடிகர். அப்படியிருந்தும் போகுமிடமெல்லாம் எட் வின்னின் மகன் என்றே அறிமுகப்படுத்தப்பட்டவர். பிற்காலத்தில் அவர் எழுதிய சுயசரிதைக்கு வைத்த பெயரே 'எட் வின்னின் மகன்' என்பதுதான். அந்தத் தலைப்பில் பெருமை எவ்வளவு, வலி எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். தந்தையைப் பாரதூரமான வேடங்களுக்குப் போகும்படி தூண்டியவரும் இந்த மகன்தான். 'த கிரேட் மேன்' என்ற திரைப்படத்தில் சிறுநகரமொன்றின் வானொலி நிலைய உரிமையாளராக ஒரு சிறிய, ஆழமான வேடம் கிடைத்தது. அதையொட்டி வந்ததே 1956 ஒக்டோபர் நாடகம்.

'பிளேஹவுஸ் 90' என்பது சி.பி.எஸ். தொலைக்காட்சியில் அந்த மாதமே ஆரம்பித்த நாடகத் தொடர். பெரும்பாலான வாரங்களில் ஒன்றரை மணி நேர நாடகமொன்று நேரடியாக ஒளிபரப்பாகும். நேரடி என்றால் முழுமையாக நேரடி. வசனம் மறந்தால் மறந்ததுதான், திருப்பி எடுக்க முடியாது. இரண்டாவது வாரத்துக்கு ரொட் சேர்லிங் என்ற இளம் எழுத்தாளரின் 'ரெக்வியம் போர் எ ஹெவிவெய்ட்' தெரிவானது. இயக்குநர் ரால்ப் நெல்சன்.

கதை இதுதான். மவுண்டன் மக்ளின்டொக் என்ற குத்துச்சண்டை வீரன் பதினான்கு ஆண்டுகள் அடிபட்டுத் தேய்ந்துபோனவன். இனி மேடையேறினால் கண் பறிபோகும் என்று மருத்துவர் தடுத்துவிடுகிறார். அவனுடைய முகாமையாளன் மெய்ஷ் கடனில் மூழ்கியவன். தன் வீரனே தோற்பான் என்று பந்தயம் கட்டி ஏமாந்தவன். கடனை அடைக்க அவன் கண்டுபிடித்த வழி, மவுண்டனுக்கு மலைவாசிக் கோமாளி வேடம் போட்டு, முன்கூட்டியே முடிவு செய்த போலி மல்யுத்தத்தில் இறக்கிவிட்டுச் சனங்களைச் சிரிக்க வைப்பது. காயத்துக்கு மருந்திடும் கிழவன் ஆர்மி அதைப் பார்த்துத் துடிக்கிறான். மவுண்டனாக ஜக் பலன்ஸ், மெய்ஷாகக் கீனன் வின், ஆர்மியாக எட் வின். வாழ்நாளெல்லாம் கோமாளி உடை அணிந்தவர், இன்னொரு மனிதனுக்கு அந்த உடையைப் போடாதே என்று கெஞ்ச வேண்டும். அதுவும் எதிரில் நிற்பது சொந்த மகன்.

ஒத்திகை தொடங்கியதுமே எல்லோருக்கும் கலக்கம் பிடித்தது. எட் வின்னுக்கு வசனம் நிற்கவில்லை. ஐம்பது ஆண்டுகளாகத் தான் எழுதியதைத் தான் விரும்பியபடி மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகியவர் அவர். இன்னொருவர் எழுதிய சொல்லை அப்படியே பிடித்துக்கொள்ள முடியவில்லை. அழ வேண்டிய இடத்தில் பழைய பகிடி ஒன்று நுழைந்தது. கண்ணை உருட்டினார். கிணுகிணுவென்று சிரித்தார். அவரை மாற்றிவிட வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. கேட்டவர்களுள் சேர்லிங்கும் ஒருவர். நெல்சன் பொறுத்துப் பார்த்தார். ஆனாலும் முன்னெச்சரிக்கையாக ஓர் ஏற்பாடு நடந்தது. நெட் கிளாஸ் என்ற நடிகருக்கு மதுச்சாலை ஊழியராக ஒரு சிறு வேடம் கொடுத்து, ஆர்மியின் வசனம் முழுவதையும் இரகசியமாகப் பாடமாக்கி வைத்தார்கள். கிழவர் கடைசி நேரத்தில் விழுந்தால் அவர் எழ வேண்டும். கீனனின் நிலை இன்னும் மோசம். அவர் தன் பாகத்தையும் நடிக்க வேண்டும், தந்தையின் பாகத்துக்கும் அஞ்ச வேண்டும். அழைத்து வந்தவரும் அவர். அவமானம் நேர்ந்தால் முகத்துக்கு நேரே பார்க்கப்போகிறவரும் அவர்.

இதை வாசித்தபோது எனக்கு 1922ஆம் ஆண்டின் அந்த வானொலி அறை நினைவுக்கு வந்தது. தனித்து நின்று சிரிக்க வைக்கும் கலைஞனின் உடம்பு முழுவதும் காதுதான். ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நிற்பான், சிரிப்பு எழும், அது அடங்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் அடுத்ததை எடுப்பான். சபைதான் அவனுக்குத் தாளம். அந்தத் தாளத்தைப் பிடுங்கிவிட்டு, எதிரே நிற்பவரின் முகத்தை மட்டும் பார்த்துப் பேசு என்றால் அவனுக்குத் தரையே இல்லாததுபோல இருக்கும். அன்று துப்புரவுத் தொழிலாளர்களைக் கூட்டிவந்து அந்த மௌனத்தை நிரப்பினார்கள். இம்முறை மௌனத்தை நிரப்பக் கூடாது. சிரிப்பு எங்கே கிடைக்கும் என்று தெரிந்தும் அதை எடுக்காமல் விட வேண்டும். ஒத்திகையில் நுழைந்த பகிடிகளை அகங்காரம் என்று சிலர் எண்ணியிருக்கலாம். எனக்கு அது பயமாகவே தெரிகிறது.

ஒக்டோபர் 11 இரவு வந்தது. சின்னத் தொப்பி இல்லை. உருண்டைக் கண்ணாடி இல்லை. கீச்சுக் குரலும் இல்லை. தாழ்ந்த, களைத்த குரலில் ஒரு கிழவன் பேசினான். மெலிந்த தோள்களும், இளகிய முகமும், எதையோ மன்னித்துவிடக் காத்திருப்பதுபோன்ற கண்களும் அந்த ஆர்மிக்கே செய்தவைபோல இருந்தன. நெட் கிளாஸ் தன் சிறு வேடத்தை மட்டுமே நடித்தார். ஒன்றரை மணி நேரம் முடிந்தபோது எட் வின் குணசித்திர நடிகராகியிருந்தார். அடுத்த எமி விருதுகளில் நாடகமும் ஜக் பலன்ஸும் சேர்லிங்கும் நெல்சனும் விருது பெற்றார்கள். எட் வின்னின் பெயர் துணை நடிகருக்கான பரிந்துரையில் இடம்பெற்றது.

அவர் கோமாளியாக இருந்து நடிகராக உயர்ந்தார் என்று எழுதுபவர்கள் உண்டு. அந்த உயர்ந்தார் என்ற சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை. நமது கூத்துகளில் கட்டியகாரனையும் கோமாளியையும் பாருங்கள். அரசன் வேடத்தை ஒருவர் தவறவிட்டால் இன்னொருவர் பாடிச் சமாளிக்கலாம். கோமாளி சரியில்லையென்றால் விடிய விடியச் சபை அமராது. ஆனாலும் தமிழ்த்தின விழா நாடகத்துக்குப் பாத்திரம் பிரிக்கும்போது ஒட்டுமீசையும் துயர வசனமும்தான் எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. எட் வின் ஆர்மியாக நின்றபோது அவரைத் தாங்கிய நேரக் கணிப்பும் முகத்தின் நுட்பமும் ஐம்பது ஆண்டுகள் பகிடி சொல்லிச் சேர்த்த சொத்துகளே. புதிதாகக் கற்றது, அவற்றைச் செலவழிக்காமல் கையில் வைத்திருப்பது மட்டும்தான்.

அதன் பின் வேலை குவிந்தது. 1959இல் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் இயக்கிய 'ஆன் பிராங்கின் நாட்குறிப்பு' படத்தில் டூசெல் என்ற பல் மருத்துவராக நடித்தார். அம்ஸ்டர்டாமின் இரகசிய மாடியில் ஒளிந்திருந்த எட்டுப் பேரில் கடைசியாக வந்து சேர்ந்தவர் அவர். ஆனின் அறையையே பங்குபோட்டுக்கொண்டு, எதற்கெடுத்தாலும் சிணுங்கி எரிந்து விழும் மனிதர். நம்மிடம் அன்பைத் தூண்டாத ஒரு பாத்திரம். எட் வின் அதை இனிப்பாக்க முயலவே இல்லை. பயந்துபோன மனிதன் எப்படிச் சிறுமைப்படுவான் என்பதையே காட்டினார். உண்மையில் அந்த மனிதரின் பெயர் பிரிட்ஸ் பெப்பர். நாட்குறிப்பில் ஆன் இட்ட புனைபெயர்தான் டூசெல். 1944 டிசம்பரில் நாசிகளின் நொயன்காம முகாமில் அவர் இறந்தார். ஒரு பதின்ம வயதுச் சிறுமியின் கோபத்தின் வழியே மட்டும் உலகம் அவரை அறிந்துகொண்டது அவருக்கு நேர்ந்த இன்னொரு அநீதி என்பது என் எண்ணம். தானும் யூதராகிய எட் வின் அந்த வேடத்துக்காகச் சிறந்த துணை நடிகருக்கான ஒஸ்கார் பரிந்துரை பெற்றார். விருது 'பென் ஹர்' படத்தில் நடித்த ஹியூ கிரிபித்துக்குப் போனது.

அதே ஆண்டில், அவரை மாற்றிவிடச் சொன்ன ரொட் சேர்லிங், தன் 'ட்வைலைட் ஸோன்' தொடரின் இரண்டாவது கதையை எட் வின்னை மனத்தில் வைத்தே எழுதினார். புறக்கோட்டை நடைபாதையில் கூவி விற்பவர்களைப்போலத் தெருவில் பெட்டி வைத்துச் சின்னச் சாமான்கள் விற்கும் ஒரு கிழவர். மரணம் மனித உருவில் வந்து, ஒரு சிறுமியை நள்ளிரவில் அழைத்துச் செல்லக் காத்திருக்கிறது. கிழவர் தன் பெட்டியைத் திறந்து, கழுத்துப்பட்டியும் நூலும் ஊசியும் என்று மரணத்துக்கே வியாபாரம் பேசத் தொடங்குகிறார். மணி பன்னிரண்டைத் தாண்டும்வரை மூச்சுவிடாமல் பேசுகிறார். சபையை நிறுத்திவைக்கும் பழைய வோடவில் வித்தை முழுவதும் அங்கே திரும்பி வந்தது.

1960இல் நடந்ததைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக மதிக்கிறேன். 1956 ஒத்திகைகளில் நடந்த கதையையே ரால்ப் நெல்சன் 'த மேன் இன் த பன்னி சூட்' என்ற தொலைக்காட்சி நாடகமாக எழுதி இயக்கினார். வேடிக்கை உடை மனிதன் என்பது தலைப்பின் பொருள். அதில் எட் வின்னாக எட் வின்னே நடித்தார். கீனனாகக் கீனன். சேர்லிங்கும் தானாகவே வந்தார். வசனம் மறந்து தடுமாறியதும், தன்னை நீக்கிவிட மற்றவர்கள் யோசித்ததும், மகன் தலைகுனிந்து நின்றதும் மீண்டும் ஒருமுறை, இம்முறை எழுதப்பட்ட வசனமாக, நாடு முழுவதுக்கும் நடித்துக் காட்டப்பட்டன. ஒருமுறை பட்ட அவமானத்தை மறைக்கவே மனிதர் விரும்புவர். எழுபத்து மூன்று வயதில் அவர் அதைப் பாடமாக்கி, ஒத்திகை பார்த்து, பிழையில்லாமல் தடுமாறிக் காட்டினார்.

டிஸ்னி நிறுவனம் அவரை விடவில்லை. 1961இல் 'த அப்சென்ட் மைன்டட் புரொபெசர்' படத்தில் ஒரு காட்சிக்குத் தீயணைப்புப் படைத் தலைவராகத் தலைகாட்டினார். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய வானொலிச் செவ்வாய்க்கிழமைகளை நினைவில் வைத்திருந்த தாத்தா பாட்டிமார் திரையரங்கில் அதைக் கண்டு மகிழ்ந்திருப்பார்கள். அதே படத்தில் வில்லன் வேடம் கீனனுக்கு. பேரன் நெட் வின்னுக்கும் ஒரு சிறு வேடம். பிறகு அல்பர்ட் மாமா வந்தார். 1965இல் ஸ்டீவன்ஸ் மீண்டும் அழைத்து, 'த கிரேட்டஸ்ட் ஸ்டோரி எவர் டோல்ட்' படத்தில் பார்வையற்ற முதியவராக நடிக்கவைத்தார்.

தொண்டையில் ஏற்பட்ட புற்றுநோயால் 1966 ஜூன் 19ஆம் திகதி எட் வின் தமது 79ஆவது வயதில் காலமானார். அவர் நடித்து முடித்திருந்த 'த நோம் மொபில்' திரைப்படம் மறுவருடம் வெளிவந்தது. அதில் அவர் காட்டுக் குள்ளர்களின் அரசன்.